சண்முகம் செட்டியாரின் திருத்தம்

1930 மார்ச்சில் டெல்லி மத்திய சட்டசபைக்குப் பருத்தித் துணித் தொழில் பாதுகாப்பு மசோதா வந்தது. பம்பாய் ஆலைகள் ஜப்பானியத் துணியின் போட்டியில் நசிந்துகொண்டிருந்த நேரம் அது. இறக்குமதித் துணிக்கு 15 சதவீத வரி விதிக்கலாம், பிரிட்டன் அல்லாத நாடுகளின் துணிக்கு மேலும் 5 சதவீதம் கூட்டலாம் என்று அரசாங்கம் சொன்னது. சாதாரணக் கோராத் துணிக்கு ராத்தலுக்கு மூன்றரை அணா என்ற குறைந்தபட்ச வரியும் மசோதாவில் இருந்தது. அதுவும் பிரிட்டன் அல்லாத துணிக்கு மட்டும். இந்தியத் தொழிலைக் காப்பதாகச் சொன்ன மசோதாவுக்குள் பிரிட்டனின் லங்காஷயர் ஆலைகளுக்கான சலுகை நுழைந்திருந்தது. சபை உறுப்பினர் மதன் மோகன் மாளவியா இதை ஏற்கவில்லை. எல்லா நாட்டுத் துணிக்கும் ஒரே வரி வேண்டும் என்றார். சலுகையை எடுத்தால் மசோதாவே இருக்காது என்பது அரசாங்கத்தின் பதில். இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவில் கோயம்புத்தூர்க்காரரான ஆர். கே. சண்முகம் செட்டியார் ஒரு திருத்தத்தைக் கொண்டுவந்தார். 15, 20 என்ற வேறுபாடு இருக்கட்டும், ஆனால் கோராத் துணிக்கான மூன்றரை அணாவைப் பிரிட்டிஷ் துணியும் கட்டவேண்டும் என்பது அதன் சாரம். அரசாங்கம் அதை ஏற்றது. மாளவியாவின் திருத்தம் தோற்றது, அவர் சபையை விட்டே விலகினார். செட்டியாரின் திருத்தத்தோடு மசோதா சட்டமானது. ஒரு மிதவாத உறுப்பினரை எதைக் கொண்டு மதிப்பிடுவது என்ற கேள்விக்கு இந்த வாக்கெடுப்பிலிருந்து தொடங்கலாம். அவர் கடைசியில் ஆம் என்றாரா இல்லை என்றாரா என்பதைக் காட்டிலும், ஆம் என்பதற்கு முன் எதை மாற்றவைத்தார், அந்த மாற்றத்துக்கு என்ன விலை கொடுத்தார் என்பதே சரியான அளவுகோல் என்பது என் வாதம்.

1892இல் கோயம்புத்தூரில், ஆலைத் தொழிலில் இருந்த வணிகக் குடும்பத்தில் பிறந்தவர் செட்டியார். நகராட்சியில் பொது வாழ்வைத் தொடங்கி, நீதிக்கட்சி வழியாக 1920இல் சென்னைச் சட்டசபைக்குப் போனார். பிறகு சுயராஜ்யக் கட்சிக்கு மாறி, மத்திய சட்டசபையில் அதன் தலைமைக் கொறடாவாக இருந்தார். 1929 டிசம்பர் லாகூர் காங்கிரசுக்குப் பின் காங்கிரஸ் உறுப்பினர்கள் சட்டசபைகளிலிருந்து விலகியபோது அவர் விலகவில்லை. அவருடைய அரசியல் வாழ்வின் பிற்பகுதி முழுவதையும் நிர்ணயித்த முடிவு இதுதான். அங்கேயே இருந்ததால் 1931இல் துணைத் தலைவராகவும் 1933இல் சபைத் தலைவராகவும் ஆனார். அங்கேயே இருந்ததால்தான், உப்புச் சத்தியாக்கிரகத்துக்காகக் காந்தி தண்டியை நோக்கி நடந்துகொண்டிருந்த அதே மார்ச்சில் அரையணாக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர் என்ற பழியும் அவரைச் சேர்ந்தது.

அந்தக் கணக்கைச் சற்று நின்று பார்ப்போம். திருத்தம் வெறும் கண்துடைப்பு என்ற விமர்சனத்துக்கு வலுவான அடிப்படை உண்டு. துணியின் எடைக்கு வரி போட்டால் முரட்டு நூலில் நெய்த மலிவுத் துணிக்குத்தான் சுமை கூடும். மெல்லிய நூலில் நெய்த, ராத்தலுக்கு அதிக விலையுள்ள துணிக்கு அந்த மூன்றரை அணா பல நேரங்களில் 15 சதவீதத்துக்குள்ளேயே அடங்கிப்போகும். லங்காஷயர் அனுப்பியதில் பெரும்பகுதி மெல்லிய ரகம், ஜப்பான் அனுப்பியதில் முரட்டு ரகம் அதிகம். ஆக, சட்டத்தின் வாசகத்தில் சமத்துவம் வந்தாலும் சுமை சமமாக விழவில்லை. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் கொள்கையளவில் அந்தத் திருத்தம் செய்த வேலை சிறியதல்ல. பிரிட்டிஷ் சரக்கு என்பதாலேயே பாதுகாப்பு வரியிலிருந்து முழு விலக்கு உண்டு என்ற நிலை, ஒரு ரகத்திலாவது, சபையின் தீர்மானத்தால் உடைந்தது. இந்தியாவின் இறக்குமதி வரியில் இந்தியச் சட்டசபையும் இந்திய அரசாங்கமும் ஒத்துப்போனால் லண்டன் தலையிடாது என்ற நிதிச் சுயாட்சி மரபு, 1921க்குப் பின் பெயரளவில் இருந்தது; இந்தத் திருத்தம் அதற்குக் கொஞ்சம் உயிர் கொடுத்தது. மாளவியாவின் வழியில் போயிருந்தால் மசோதா இல்லை, ஆலைகளுக்குப் பாதுகாப்பும் இல்லை. அரசாங்கத்தின் வழியில் போயிருந்தால் பாதுகாப்பு உண்டு, சலுகையும் முழுதாக உண்டு. செட்டியார் வழியில் பாதுகாப்பு கிடைத்தது, சலுகை ஒரு பக்கம் குறைந்தது. அன்று கையில் இருந்த தெரிவுகள் இவைதாம். மாளவியாவின் விலகலும் மதிப்புள்ள செயல்தான். அந்நிய ஆட்சியின் சபை எப்படிப்பட்டது என்பதை அது நாட்டுக்குக் காட்டியது. ஆனால் நெசவு ஆலைக்கு உடனடியாகப் பயன்பட்டது செட்டியாரின் வாக்கு.

இதற்கு மேல் போய், கோவை, திருப்பூர் வட்டாரத்தின் ஆலை வளர்ச்சியை அந்த ஒரு சட்டத்தின் கணக்கில் எழுதுவது தவறு. 1930களின் முதற்பாதியில் இங்கே ஆலைகள் வேகமாகப் பெருகின. அதற்கு முதற் காரணம் பைக்காரா நீர்மின் திட்டம். நீலகிரியிலிருந்து மின்சாரம் வந்தபின்தான் சமவெளியில் நிலக்கரிச் செலவில்லாமல் ஆலை ஓட்ட முடிந்தது. வட்டாரத்தில் கம்போடியாப் பருத்தி விளைந்தது, திருப்பூரில் பருத்திச் சந்தையும் ஜின்னிங் பட்டறைகளும் இருந்தன, விவசாயத்தில் சேர்த்த பணத்தை ஆலையில் போடத் துணிந்த குடும்பங்கள் இருந்தன. மேலும் கோவை ஆலைகள் பெரும்பாலும் நூற்பு ஆலைகள், அவற்றின் நூல் கைத்தறிக்குப் போனது. துணி மீதான வரி அவற்றை நேராகக் காக்கவில்லை, சுற்றி வந்துதான் காத்தது. வெளிநாட்டுத் துணி விலை ஏறினால் உள்ளூர்த் தறி ஓடும், தறி ஓடினால் நூல் விற்கும். பைக்காரா இல்லாமல் வரி மட்டும் இருந்திருந்தால் இந்த வளர்ச்சி நடந்திருக்காது. வரியே இல்லாமல் மின்சாரம் மட்டும் வந்திருந்தால், ஜப்பானியத் துணி குவிந்த அந்த ஆண்டுகளில் புது ஆலைக்கு முதல் போடும் துணிச்சல் எத்தனை பேருக்கு வந்திருக்கும் என்பதையும் கேட்கத்தான் வேண்டும்.

1930இன் வாக்கை இப்படி ஏற்றுக்கொள்ளும் நான், 1932இன் வாக்கை அதே தராசில் வைக்கும்போது வேறு முடிவுக்கு வருகிறேன். அந்த ஆண்டு ஜனவரி 10ஆம் தேதி, காந்தியின் கைதைக் கண்டித்துத் திருப்பூரில் ஊர்வலம் போன தொண்டர்கள் மீது போலீஸ் தடியடி நடத்தியது. கையிலிருந்த கொடியை விடாமல் அடிபட்டு விழுந்த சென்னிமலைக் குமாரன் மறுநாள் இறந்தார். அவருக்கு வயது 27. தமிழ்நாட்டின் கதர் இயக்கத்துக்குத் தலைமையிடம் போல இருந்த ஊர் திருப்பூர்; அகில பாரத நூற்போர் சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளை அங்கிருந்துதான் இயங்கியது. அந்நியத் துணியை மறுப்பது அங்கே அன்றாட வேலையாக இருந்தது. ஆறு மாதம் கழித்து, ஐம்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோவையின் சண்முகம் செட்டியார், சாம்ராஜ்யப் பொருளாதார மாநாட்டுக்கான இந்தியத் தூதுக்குழுவில் ஒருவராகக் கனடாவின் ஒட்டாவாவில் இருந்தார். சர் அதுல் சட்டர்ஜி தலைமையில் சென்ற அந்தக் குழு ஆகஸ்ட் 20ஆம் தேதி வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. பிரிட்டிஷ் சரக்குகளின் நீண்ட பட்டியலுக்கு இந்தியா 10 சதவீதச் சலுகை தரும், மோட்டார் வண்டிகளுக்கு ஏழரை சதவீதம். பதிலுக்கு இந்தியாவின் தேயிலை, சணல் சரக்கு, தோல், ஆளி விதை போன்றவற்றுக்குப் பிரிட்டன் சலுகை தரும்.

ஒப்பந்தத்துக்கு ஆதரவான வாதத்தை அதன் முழு பலத்தோடு சொல்வதுதான் நியாயம். 1932இல் பிரிட்டன் தன் நூற்றாண்டுச் சுதந்திர வாணிபத்தைக் கைவிட்டு பெரும்பாலான இறக்குமதிக்கு 10 சதவீதப் பொது வரி போட்டது. சாம்ராஜ்யத்து நாடுகளுக்கு அதிலிருந்து கிடைத்த விலக்கு நவம்பர் 15 வரைதான். உடன்பாடு இல்லையென்றால், உலக மந்தத்தில் விலை சரிந்து கிடந்த இந்திய விளைபொருளுக்கு மிகப் பெரிய சந்தையிலும் வரி விழும். ஆகவே ஒட்டாவா லாபம் தேடிப் போன பயணம் என்பதைவிட நஷ்டத்தைத் தவிர்க்கப் போன பயணம் என்றார்கள். எதிர்வாதம் இதைவிட ஆழமானது. பிரிட்டன் வாங்கியது பெரும்பாலும் தனக்கு அவசியமான மூலப்பொருள். அதற்கு வரி போட்டால் தன் ஆலைகளையே அது வதைத்துக்கொள்ளும். இந்தியா கொடுத்ததோ வளரத் தொடங்கியிருந்த தன் உள்நாட்டுச் சந்தையில் இடம். அச்சுறுத்தலின் கனத்தை எடை போடாமல் விலை கொடுத்தாயிற்று. 1930இல் செட்டியார் மேசைமேல் இருந்த மசோதாவை மாற்றினார். 1932இல் தானே உட்கார்ந்து எழுதிய ஒப்பந்தத்துக்கு, தானே சபையில் நின்று ஆதரவு திரட்டினார். பேரம் பேசியவரும் பேரத்தை எடைபோட வேண்டியவரும் ஒருவராகிவிட்டால், மிதவாதியின் முதற்பலமான ஒதுங்கி நின்று பார்க்கும் பார்வை போய்விடுகிறது. அதோடு, காங்கிரஸ் வெளியேறியதால் பாதி நாடு இல்லாத சபை அது. சுமார் 145 பேரில் ஏறத்தாழ 40 பேர் அரசாங்கம் நியமித்தவர்கள். தலைவர்களும் தொண்டர்களும் சிறையில் இருந்த ஆண்டில் அத்தகைய சபையில் பெற்ற பெரும்பான்மையை நாட்டின் சம்மதம் என்று கொள்ள வழியில்லை. இந்த வாக்கில் அவர் தவறினார் என்பதே என் தீர்ப்பு.

இருந்தும் அதே 1932 இறுதியில் சபை செய்த ஒரு காரியத்தை வரலாற்று நூல்கள் போதிய அளவு கவனிப்பதில்லை. ஒப்பந்தத்தை ஆராய்ந்த சபைக் குழு, அதை நிபந்தனையோடு ஏற்கச் சொன்னது. மூன்றாண்டுகள் ஆனபின் ஒப்பந்தத்தின் பலன் குறித்த அறிக்கையை அரசாங்கம் சபை முன் வைக்கவேண்டும். அது இந்தியாவின் நலனுக்கு ஒவ்வாது என்று சபை கருதினால் முறிவு அறிவிப்புக் கொடுக்கவேண்டும். மிதவாதிகள் மட்டுமே நிரம்பியிருந்த ஒரு சபை பின்னால் வருகிறவர்களுக்காகத் திறந்து வைத்த கதவு அது. 1934 இறுதியில் தேர்தல் வந்தது. காங்கிரஸ் மீண்டும் களமிறங்கியது. சபைத் தலைவர் பதவியில் இருந்தபடியே போட்டியிட்ட செட்டியார், சென்னை மாகாண வணிகர் தொகுதியில் காங்கிரசின் சாமி வெங்கடாசலம் செட்டியாரிடம் தோற்றார். வணிகர்களே வாக்காளர்களாக இருந்த தொகுதி அது. ஒட்டாவாவால் பலன் பெறுவார்கள் என்று யாரைச் சொன்னார்களோ அவர்களே நிராகரித்தார்கள். அதே தேர்தலில் திருப்பூரில் பிறந்த தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் காங்கிரஸ் உறுப்பினராக மத்திய சட்டசபைக்குப் போனார். புதிய சபை 1936 மார்ச்சில் ஜின்னாவின் திருத்தத்தை ஏற்று ஒட்டாவா ஒப்பந்தத்தை முடிக்கச் சொன்னது. மே மாதம் அரசாங்கம் முறிவு அறிவிப்புக் கொடுத்தது. காங்கிரஸ்காரர்களும் சுயேச்சைகளும் சேர்ந்து பெற்ற அந்த வெற்றிக்கு வழி, 1932இன் மிதவாதச் சபை எழுதிய நிபந்தனையில்தான் இருந்தது. ஒரு சபையின் வாக்குப் பதிவேட்டை வெற்றி தோல்வி என்று மட்டும் படித்தால் இது கண்ணில் படாது.

செட்டியாரைப் பற்றிய அடுத்த ஆட்சேபம் சொந்த நலன் குறித்தது. அவர் ஆலை முதலாளி வர்க்கத்தைச் சேர்ந்தவர். அவருடைய மிதவாதம் ஆலைக்காரரின் லாபக் கணக்கைத் தாண்டி வேறொன்றுமில்லை என்பார்கள். 1930இன் வாக்கு அவருடைய வர்க்கத்துக்கு நன்மை செய்தது உண்மை. ஆனால் 1947ஐயும் பார்க்கவேண்டும். காங்கிரசை எதிர்த்துத் தோற்றவர், நாட்டு விடுதலைக்குப் பின் நேருவின் முதல் மந்திரிசபையில் நிதி மந்திரியாக அழைக்கப்பட்டார். அம்பேத்கரும் சியாமா பிரசாத் முகர்ஜியும் இடம்பெற்ற அதே மந்திரிசபை. நவம்பர் 26ஆம் தேதி அவர் வைத்த சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட் ஏழரை மாதத்துக்கானது. பிரிவினையின் அகதிச் செலவிலும் உணவு இறக்குமதியிலும் திணறிக்கொண்டிருந்த அந்தப் பட்ஜெட்டில் வருவாய்க்காக அவர் கைவைத்த இடம் பருத்தித் துணி, நூல் ஆகியவற்றின் ஏற்றுமதி வரி. உள்நாட்டில் துணிப் பஞ்சம் இருக்கும்போது ஏற்றுமதியில் கொழுத்த லாபம் பார்த்துக்கொண்டிருந்த தொழிலின் மேல், அந்தத் தொழிலிலிருந்தே வந்தவர் வரி போட்டார். இதை வைத்து அவரைத் தியாகி ஆக்கவேண்டியதில்லை. 1948 ஆகஸ்டில் அவர் பதவி விலகிய சூழல் அதற்கு இடம் தராது: வருமானவரி விசாரணைக் கமிஷனுக்குப் போன பட்டியலிலிருந்து சில பெயர்கள் நீக்கப்பட்டது குறித்த சர்ச்சை அது. அப்போது அவருக்குப் பின்னால் கட்சி என்று எதுவும் இல்லை. தனியாக நின்று முடிவெடுப்பவருக்குச் சறுக்கும்போது தாங்கிப் பிடிக்க ஆள் இருக்கமாட்டார்கள் என்பதை மிதவாதத்தின் நிரந்தரச் செலவாகவே எழுதிக்கொள்ளவேண்டும். 1952இல் சுயேச்சையாகச் சென்னைச் சட்டசபைக்கு வந்தார், மறு ஆண்டு மே மாதம் காலமானார்.

நூறாண்டை நெருங்கும் இந்த வாக்குகளை இன்று தோண்டி எடுப்பதற்குக் காரணம், அவை தொட்ட ஒவ்வொரு கேள்வியும் திருப்பூரில் இன்னும் உயிரோடு இருப்பதுதான். பனியன் தொழிலின் ஏற்றுமதி 2024-25இல் சுமார் 40 ஆயிரம் கோடி ரூபாய். அந்தத் தொழிலின் தலைவிதியை எழுதுபவை நூல் விலை, பஞ்சு இறக்குமதி வரி, அயல்நாட்டுச் சுங்கம் என்ற மூன்று. 2021 பட்ஜெட் பஞ்சு இறக்குமதிக்கு வரி போட்டது. அது மொத்தம் 11 சதவீதமாக நின்றது. நூல் விலை தாங்காமல் திருப்பூர் கம்பெனிகள் குரல் கொடுத்த 2022 ஏப்ரலில் அந்த வரி தற்காலிகமாக நீக்கப்பட்டது, பிறகு திரும்பியது, அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி என்று அறிவித்தபின் 2025 ஆகஸ்டில் மறுபடி தற்காலிகமாக நீக்கப்பட்டது. பஞ்சு விளைவிக்கும் விவசாயிக்கும், ஸ்பின்னிங் மில்லுக்கும், பனியன் கம்பெனிக்கும் இதில் நலன் ஒன்றாக இல்லை. ஒருவருக்கு விலை ஏறவேண்டும், மற்றவருக்கு இறங்கவேண்டும். மூன்றரை அணாபோல ஒரு நடுவழியைத் தேடவேண்டிய இடம் இதுதான். ஆனால் 2022இன் நீக்கமும் 2025இன் நீக்கமும் நிதி அமைச்சகத்தின் அறிவிக்கைகளால் நடந்தவை. எந்த உறுப்பினரும் அவற்றின் மீது முன்கூட்டி வாக்களிக்கவில்லை.

ஒப்பந்தங்களின் கதை இதைவிடக் கவலை தருவது. பிரிட்டனில் பங்களாதேஷ் துணிக்கு வரியில்லை, நமக்கு ஏறத்தாழ 10 சதவீதம் என்ற குறையைத் திருப்பூர் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தது. 2025 ஜூலை 24இல் கையெழுத்தான இந்திய, பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தம் அதைத் தீர்க்க முன்வருகிறது. அன்று பிரிட்டிஷ் சலுகையை எதிர்த்த ஊர் இன்று பிரிட்டனில் சலுகை கேட்பதில் முரண் எதுவுமில்லை. அன்று வாங்குகிறவர்களாக இருந்தோம், இன்று விற்கிறோம். முரண் வேறிடத்தில் இருக்கிறது. அடிமை நாட்டின் அரசாங்கம் ஒட்டாவா ஒப்பந்தத்தைச் சட்டசபையின் வாக்குக்கு வைத்தது. நமது அரசமைப்பில் பன்னாட்டு ஒப்பந்தங்களுக்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வாக்கு தேவையில்லை. மூன்றாண்டு கழித்து அறிக்கை வை, பிடிக்காவிட்டால் முறித்துக்கொள் என்று சொல்லும் வாய்ப்பு மக்களவைக்கு இல்லை. 1952இல் திருப்பூரின் முதல் மக்களவை உறுப்பினரானார் அதே அவினாசிலிங்கம் செட்டியார். தொகுதி மறுவரையறைக்குப் பின் 2009 முதல் சி. சிவசாமி, வி. சத்தியபாமா, கே. சுப்பராயன் என்று மூவர் அனுப்பப்பட்டிருக்கிறார்கள். பஞ்சு வரியிலோ வர்த்தக ஒப்பந்தத்திலோ இவர்கள் எப்படி வாக்களித்தார்கள் என்று ஒரு பனியன் தொழிலாளி கேட்டால் காட்டுவதற்குப் பதிவேடு கிடையாது. அது இவர்களின் குறையும் அல்ல.

மசோதாவாக வருபவற்றிலும் உறுப்பினரின் கை கட்டப்பட்டிருக்கிறது. 1985இல் அரசமைப்பில் சேர்க்கப்பட்ட பத்தாவது அட்டவணைப்படி, கட்சிக் கொறடாவின் உத்தரவுக்கு மாறாக வாக்களித்தாலோ வாக்களிக்காமல் இருந்தாலோ பதவி போகும். பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கில் நிறைவேறுவதால் யார் எந்தப் பக்கம் என்பதும் பதிவாவதில்லை. இந்தச் சட்டம் இல்லாவிட்டால் உறுப்பினர்கள் விலைபோவார்கள் என்ற அச்சம் பொய்யல்ல. 1967க்குப் பின் மாநிலச் சட்டசபைகளில் நடந்த கட்சித் தாவல்கள்தான் அதைப் பிறப்பித்தன. ஆட்சியைக் கவிழ்க்கும் பேரத்தைத் தடுக்க அது வேண்டும். ஆனால் ஒரு வரி விகிதத்தின் மேல் திருத்தம் கொண்டுவருவது ஆட்சிக் கவிழ்ப்பு ஆகாது. 1992இல் கிஹோட்டோ ஹொல்லோஹான் வழக்கில் சட்டத்தைச் செல்லும் என்று சொன்ன உச்ச நீதிமன்றமே, நம்பிக்கை வாக்கு, கட்சியின் அடிப்படைக் கொள்கை போன்றவற்றுக்கு மட்டும் இந்தத் தண்டனை பொருந்தும்படி கொறடா உத்தரவைச் சுருக்கலாம் என்று கருத்துச் சொன்னது. கட்சிகள் அதைப் பின்பற்றவில்லை. பெரும்பாலும் சொத்துள்ளவர்களுக்கே வாக்குரிமை இருந்த காலனியச் சபையை முன்மாதிரியாகக் காட்டலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: அந்தச் சபை முன்மாதிரி அல்ல. அதன் 1932 பெரும்பான்மையை மேலே நானே நிராகரித்திருக்கிறேன். 1939இல் சபை மறுத்த ஒரு வர்த்தக ஒப்பந்தத்தை வைஸ்ராய் தன் சான்றிதழ் அதிகாரத்தால் நடைமுறைப்படுத்தியதும் நடந்தது. ஆனாலும் அந்தக் குறைபாடுள்ள சபையில் ஒரு கோவை உறுப்பினர் ஒரு வாக்கியத்தை மாற்ற முடிந்தது, தன் வாக்குக்குத் தன் பெயரில் பொறுப்பேற்க முடிந்தது, தவறியபோது அவரை வாக்காளர் வீட்டுக்கு அனுப்ப முடிந்தது. எல்லோருக்கும் வாக்குரிமை உள்ள குடியரசு இந்த மூன்றில் எதையும் இழக்கத் தேவையில்லை.

திருப்பூர் ஏற்றுமதியாளர் அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் நூல் விலைக்காகவும் சுங்கத்துக்காகவும் டெல்லிக்கு மனு கொண்டுபோகிறார்கள். அந்த மனுக்களோடு இன்னும் மூன்று கோரிக்கைகளைச் சேர்க்கவேண்டும்: வர்த்தக ஒப்பந்தங்களும் பஞ்சு வரியின் பெரிய மாற்றங்களும் மக்களவையின் வாக்குக்கு வரவேண்டும், அத்தகைய வாக்குகளில் கொறடா உத்தரவு கூடாது, ஒவ்வொரு உறுப்பினரின் வாக்கும் பெயரோடு அச்சேறவேண்டும். அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் இந்த மூன்றுக்கும் சம்மதமா என்று திருப்பூர் வாக்காளர்கள் முதலில் கேட்கட்டும்.